கதைக்களம்: எழுத்தாளனின் ஊரும் பயணமும்



"எனது கிராமம்" என்ற தலைப்பில் கட்டுரை எழுதச் சொன்னால் எமது வகுப்பில் பாதிப்பேர் முதற் பந்தியிலேயே ஓர் ஆற்றை ஓடவிட்டுவிடுவார்கள். ஆறு சலசலவென்று ஓடும். கரையில் ஆலமரம் நிற்கும். பெண்கள் குடத்துடன் வருவார்கள். எழுதியவரின் வீடு உரும்பிராயிலோ கரவெட்டியிலோ இருக்கும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை என்பதைப் புவியியல் பாடத்தில் நீங்களே எழுதியிருப்பீர்கள். இருக்கும் வழுக்கையாறும் மாரியில் மட்டும் ஓடி அராலிப் பக்கமாகக் கடலைச் சேர்கிறது. அப்படியானால் கட்டுரையில் ஓடிய ஆறு எங்கிருந்து வந்தது? வாசித்த புத்தகங்களிலிருந்தும் பார்த்த படங்களிலிருந்தும் வந்தது. எழுதியவர் தமது ஊரைப் பார்க்கவில்லை என்பதே இதன் பொருள்.

ஊரிலேயே இருப்பவருக்கு ஊர் கண்ணில் படுவதில்லை. இது எமது குறை மட்டுமன்று. எழுத்தாளர்களுக்கும் இந்தச் சிக்கல் உண்டு. அவர்கள் அதை எவ்வாறு கடந்தார்கள் என்பதை விளங்கிக்கொண்டால், சிறுகதை, நாவல் பகுதிகளில் கதைக்களம் பற்றி வரும் வினாக்களுக்கு நல்ல விடை எழுதலாம்.

கதைக்களம் என்பது கதை நிகழும் இடம், காலம், அங்குள்ள வாழ்க்கை நிலை ஆகிய மூன்றும் சேர்ந்தது. "இக்கதையின் களம் யாழ்ப்பாணம்" என்று ஒரு வரியில் முடிக்கும் விடைக்கு அதிக புள்ளி கிடைக்காது. ஊர்ப்பெயரைச் சொல்வது முகவரி சொல்வது போன்றது. அந்த ஊரில் எதைக் கண்டு எழுதினார், ஏன் அது அவர் கண்ணில் பட்டது என்று கேட்கும்போதுதான் களம் பற்றிப் பேசத் தொடங்குகிறோம்.

இதற்கு இரு எழுத்தாளர்களை எடுத்துக்கொள்வோம். ஒருவர் வண்ணார்பண்ணையில் 1941இல் பிறந்த செங்கை ஆழியான். மற்றவர் கொக்குவிலில் 1937இல் பிறந்த அ. முத்துலிங்கம். இரண்டு ஊர்களுக்கும் இடையே சைக்கிளில் கால்மணித்தியாலம் போதும். அதே செம்மண், அதே கிணற்று நீர், ஏறத்தாழ அதே காலம். ஆனால் ஒருவர் நெடுந்தீவுக்கும் வன்னிக்கும் போனார். மற்றவர் ஆபிரிக்காவுக்கும் பாகிஸ்தானுக்கும் கனடாவுக்கும் போனார். அடிப்படை ஒன்றாக இருக்க, பயணம் வேறுபட்டது. ஆகவே ஒப்பிட்டுப் பார்க்க வசதியானவர்கள்.

புவியியலாளரின் கண்

செங்கை ஆழியானின் இயற்பெயர் க. குணராசா. உங்கள் மூத்தவர்களின் பழைய புத்தகப் பெட்டியைக் கிளறினால் க. குணராசா எழுதிய புவியியல் நூல் ஒன்றாவது அகப்படக்கூடும். அதே குணராசாதான் இவர். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் புவியியலைச் சிறப்புப் பாடமாகக் கற்று, பின்னர் இலங்கை நிருவாக சேவையில் சேர்ந்து வன்னிப் பகுதியில் பல ஆண்டுகள் கடமையாற்றினார். 2016இல் காலமானார்.

அவருடைய நாவல்களின் பெயர்களைச் சிறிது கவனியுங்கள். பேராதனைப் பல்கலைக்கழக வாழ்க்கையை எழுதியபோது வைத்த பெயர் "கங்கைக்கரையோரம்". வன்னி விவசாயிகளின் வாழ்க்கையை எழுதியபோது வைத்த பெயர் "காட்டாறு". சொந்த ஊரான வண்ணார்பண்ணைச் சூழலை எழுதியபோது வைத்த பெயர் "முற்றத்து ஒற்றைப்பனை". ஊரைவிட்டு வெளியே போனபோது ஆறு வருகிறது. வீட்டுக்கு வந்ததும் பனை வருகிறது. அவர் இதைத் திட்டமிட்டுச் செய்தார் என்று நான் சொல்ல வரவில்லை. ஆற்றைக் காணாமல் வளர்ந்த ஒருவருக்கு மகாவலி கங்கையின் அருகே வாழக் கிடைத்தால் முதலில் எது மனதில் பதியும் என்று எண்ணிப் பாருங்கள். மகாவலிக் கரையில் பிறந்தவருக்கு அது தினமும் பார்க்கும் தண்ணீர். யாழ்ப்பாணத்தவருக்கு அது அதிசயம். வெளியூரில் ஒருவர் முதலில் காண்பது தமது ஊரில் இல்லாத பொருளையே. கதைக்களம் பற்றிய வினாவுக்கு இது முக்கியமான குறிப்பாகும்.

"வாடைக்காற்று" நாவலைச் சற்று விரிவாக நோக்குவோம். 1973இல் வீரகேசரி பிரசுரமாக வெளிவந்த இந்நாவல் 1978இல் திரைப்படமாகவும் வந்தது. களம் நெடுந்தீவு. இன்று குறிகட்டுவானிலிருந்து படகில் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணித்தியாலத்தில் போய்விடலாம். முருகைக்கல் அடுக்கிய வேலிகள், கட்டாக்காலியாகத் திரியும் குதிரைகள், ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட பெருக்கு மரம் என்று பார்ப்பதற்குப் பல உண்டு. சுற்றுலாவுக்குப் போகும் நாம் இவற்றைப் படமெடுத்துக்கொண்டு கடைசிப் படகில் திரும்பிவிடுவோம். செங்கை ஆழியான் எடுத்துக்கொண்டது காற்றை.

ஏன் காற்று? வாடைக்காற்றுப் பருவத்தில் வெளியூர் மீனவர்கள் தீவுக்கு வந்து கரையோரத்தில் வாடி அமைத்துத் தொழில் செய்வார்கள். பருவம் முடியப் போய்விடுவார்கள். வந்தவர்களுக்கும் தீவில் இருப்பவர்களுக்கும் இடையே உறவும் வரும், பகையும் வரும். அன்பு தோன்றினால் அதற்கும் ஒரு காலக்கெடு இருக்கும். காற்று மாறினால் படகு போய்விடும் அல்லவா? காற்றை எடுத்துவிட்டால் அந்தக் கதை நடக்காது. களம் வெறும் பின்னணியாக இல்லாமல் கதையின் காரணமாகவே ஆகிவிடுகிறது. பருவக்காற்றுகளைப் பாடமாகப் படித்தவர் என்பதால் இது அவருக்குக் கைவந்தது எனலாம்.

நிருவாக அதிகாரியாக வன்னியில் இருந்த அனுபவம் இன்னொரு வகையில் பயன்பட்டது. அதிகாரியின் மேசைக்குக் காணித் தகராறு வரும், குளத்து நீர்ப் பிரச்சினை வரும், ஏழை விவசாயியின் மனு வரும். யார் யாரை ஏய்க்கிறார்கள் என்பது கோப்பில் தெரியும். "காட்டாறு" நாவலில் வன்னிக் கிராமத்தைச் சுரண்டும் பெரியவர்களையும் ஊழல் அதிகாரிகளையும் அவர் எழுதியதற்கு இந்த மேசை உதவியிருக்க வேண்டும். பயணம் என்றால் சுற்றிப் பார்ப்பது மட்டும் என்று நினைக்க வேண்டாம். வேலை மாற்றத்தில் போவதும் பயணம்தான்; அதில்தான் ஒருவர் ஓரிடத்தில் அதிக காலம் தங்குகிறார்.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். சில இடங்களில் இவரது வர்ணனை நீண்டு, கதையை நிறுத்திவைத்துவிட்டுப் புவியியல் பாடம் நடத்துவது போல ஆகிவிடும். எனக்கு அப்படிப்பட்ட பக்கங்களை வாசிக்கப் பொறுமை குறைவு. உங்களுக்கு அவை பிடித்திருந்தால் காரணம் காட்டி எழுதலாம். மாறாக எழுதினாலும் காரணம் வேண்டும்.

அவருடைய நகைச்சுவை நாவலான "ஆச்சி பயணம் போகிறாள்" இந்தப் பாடத்துக்கு நல்ல துணை. யாழ்ப்பாணத்து ஆச்சி கதிர்காம யாத்திரை புறப்படுகிறாள். வழியில் காணும் எல்லாவற்றையும் அவள் தனது ஊரை வைத்தே அளக்கிறாள். சிரிப்பு வருவது அங்கேதான். ஆனால் யோசித்தால், எல்லாப் பயணிகளும் அந்த ஆச்சியைப் போன்றவர்களே. ஊரை அளவுகோலாகக் கையில் வைத்துக்கொண்டுதான் நாம் புறப்படுகிறோம். எழுத்தாளரும் அப்படியே.

கொக்குவிலிலிருந்து ஆபிரிக்கா வரை

அ. முத்துலிங்கம் விஞ்ஞானப் பட்டதாரி. கணக்காளராகத் தொழில் பயின்றவர். இவரது முதற் சிறுகதைத் தொகுதி "அக்கா" 1964இல் வந்தது. யாழ்ப்பாணத்துக் கிராம வீடு, அக்கா, ஒரு சிறுவனின் பார்வை என்று அதன் தலைப்புக் கதை அமைகிறது. 1972இல் அவர் வேலை நிமித்தம் இலங்கையை விட்டுப் புறப்பட்டார். சியரா லியோன், சூடான், பாகிஸ்தான், கென்யா எனப் பல நாடுகளில் உலக வங்கிக்காகவும் ஐக்கிய நாடுகள் நிறுவனத்துக்காகவும் வேலை செய்தார். பின்னர் கனடாவில் குடியேறினார்.

முதற் தொகுதிக்கு அடுத்த தொகுதியான "திகடசக்கரம்" வெளிவந்தது 1995இல். இடையில் 31 ஆண்டுகள். அதன் பின் "வம்ச விருத்தி" 1996இல், "வடக்கு வீதி" 1998இல், "மகாராஜாவின் ரயில்வண்டி" 2001இல் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பார்த்தவுடன் எழுதிவிட வேண்டும் என்ற அவசரம் நல்ல கதைக்குத் தேவையில்லை என்பதற்கு இந்த 31 ஆண்டு இடைவெளி ஓர் உதாரணம்.

இவரது கதைகளில் பாகிஸ்தானின் மலைப்பகுதி வருகிறது, சோமாலியா வருகிறது, ரொறன்ரோ வருகிறது. தமிழ்ச் சிறுகதையில் முன்பு காணாத நிலங்கள் என்று எல்லோரும் எழுதுவார்கள். நீங்களும் எழுதலாம். ஆனால் அதோடு நிற்க வேண்டாம். அந்த நிலங்களில் அவர் எதைத் தெரிவு செய்கிறார் என்று பாருங்கள். "ஒட்டகம்" என்ற கதையில் சோமாலியப் பெண் ஒருத்தி தண்ணீருக்காக நெடுந்தூரம் நடக்கிறாள். பாலைவனத்தில் எழுதுவதற்கு எத்தனையோ உண்டு. தண்ணீர் ஏன் முன்னுக்கு வந்தது? ஆறில்லாத ஊரில், சுண்ணாம்புக்கல்லின் கீழிருந்து துலா மிதித்துத் தண்ணீர் இறைத்த தலைமுறையில் பிறந்தவருக்கு, குடத்தைத் தூக்கும் பெண்ணின் கை தெரியும். கொக்குவில் கிணறும் சோமாலிய மணலும் வெவ்வேறு உலகங்கள்தான். ஆனால் தண்ணீரின் பெறுமதி அறிந்த கண் ஒன்றே. இது எனது விளக்கம். இதைவிட நல்ல விளக்கம் உங்களுக்குத் தோன்றினால் அதை எழுதுங்கள்.

"வம்ச விருத்தி" கதையிலும் இதே தன்மை உண்டு. களம் பாகிஸ்தானின் வடக்கு மலைநாடு. அங்கே ஒரு தகப்பன் ஆண் வாரிசுக்காக ஏங்குகிறான். மலையும் வேட்டையும் எமக்குப் புதியன. ஆண்பிள்ளைக்கான ஏக்கமோ எமது ஒழுங்கையிலேயே உள்ளது. தூரத்து நிலத்தில் வீட்டுக் கவலை ஒன்றைக் கண்டுபிடிக்கிறார். அதனால்தான் அந்த நிலத்தை ஒருபோதும் காணாத நாம் கதைக்குள் போக முடிகிறது.

இது மறுபுறமாகவும் நடக்கும். "கொழுத்தாடு பிடிப்பேன்" என்ற கதையில் களம் கனடா. தலைப்போ நீங்கள் சிறு வயதில் முற்றத்தில் விளையாடிய விளையாட்டின் பெயர். ஆட்டைப் பிடிக்க ஒருவர் வர, மற்றவர் மறிக்கும் விளையாட்டு. அந்நிய நாட்டுச் சட்டத்தின் முன் நிற்கும் அகதி ஒருவரின் கதைக்கு அப்பெயரை வைத்தவுடன், ரொறன்ரோவுக்குள் யாழ்ப்பாண முற்றம் ஒன்று வந்துவிடுகிறது. ஒரே கதையில் இரண்டு களங்கள். நிகழும் களம் ஒன்று, நினைவின் களம் இன்னொன்று. இவ்வேறுபாட்டை விடையில் காட்டுங்கள்.

இங்கும் ஒரு குறை சொல்லலாம். வேலைக்காகச் சென்ற அதிகாரி ஒருவர் கதை சொல்பவராக வரும் இடங்களில், அந்நாட்டு ஏழை மனிதர்களை நாம் அவருடைய பார்வையில் மட்டுமே காண்கிறோம். அவர்கள் தாமே பேசினால் வேறு கதை கிடைத்திருக்கும். பயணி எதையும் விரைவாகக் காண்பார், ஆனால் உள்ளே போக நாளெடுக்கும். உள்ளூரவருக்கு எல்லாம் தெரியும், ஆனால் கண்ணில் படாது. இரண்டும் சேர்ந்த எழுத்து எளிதில் கிடைப்பதில்லை.

வெளிநாட்டு வாழ்க்கையிலிருந்து எழுதியவர் முத்துலிங்கம் மட்டுமல்லர். தமிழகத்தின் சிங்கம்புணரியில் பிறந்த ப. சிங்காரம் இளவயதில் இந்தோனேசியாவின் மேடான் நகருக்கு வேலைக்குப் போனார். உலகப் போர்க் காலத்தை அங்கே கண்டார். திரும்பி வந்து மதுரையில் பத்திரிகை அலுவலகமொன்றில் வேலை செய்தபடி "புயலிலே ஒரு தோணி" நாவலை எழுதினார். அந்நாவலில் மேடானில் இருக்கும் பாண்டியன் மதுரைத் தெருக்களை நினைக்கிறான். எழுதியவரோ மதுரையில் இருந்துகொண்டு மேடானை நினைக்கிறார். எங்கே இருக்கிறாரோ அதைவிட, எதைப் பிரிந்தாரோ அதுவே ஓர் எழுத்தாளருக்குத் தெளிவாகத் தெரிகிறது போலும்.

நின்றுபோன ஊர்

பிரிந்தவர் எழுதும் ஊரில் ஒரு சிறப்பான தன்மை உண்டு. அது அவர் புறப்பட்ட ஆண்டோடு நின்றுவிடும். முத்துலிங்கத்தின் இளமைக்காலக் கொக்குவிலூடாகக் காங்கேசன்துறைப் புகையிரதம் ஓடியது. 1990இல் அது நின்றது. 2015 ஜனவரியில் மீண்டும் காங்கேசன்துறை வரை ஓடத் தொடங்கியது. இடைப்பட்ட 24 ஆண்டுகளில் கொக்குவிலில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்குப் புகையிரதம் படத்தில் பார்த்த பொருள். தாத்தாவின் கொக்குவிலும் பேரனின் கொக்குவிலும் ஒன்றல்ல. ஆகவே களம் பற்றி எழுதும்போது "எங்கே" என்பதோடு "எப்போது" என்பதையும் எழுத வேண்டும். இதை மறந்து பலர் புள்ளி இழக்கிறார்கள்.

பல ஆண்டுகளுக்கு முன் எனது வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள். அவளுடைய குடும்பம் மயிலிட்டியிலிருந்து 1990இல் இடம்பெயர்ந்தது. அவள் பிறந்ததும் வளர்ந்ததும் நலன்புரி நிலையத்தில். "எனது கிராமம்" கட்டுரை கொடுத்த அன்று எல்லோரும் எழுதிக்கொண்டிருக்க, அவள் மட்டும் எழுதாமல் இருந்தாள். "நான் எந்த ஊரை எழுதுறது?" என்று கேட்டாள். மயிலிட்டியை அவள் கண்டதில்லை. முகாமை ஊர் என்று எழுத மனம் வரவில்லை. எனக்கும் உடனே பதில் வரவில்லை. நானும் ஐந்து வயதில், 1995 ஒக்டோபர் 30 இரவு, வலிகாமத்திலிருந்து தென்மராட்சிக்கு நடந்தவர்களில் ஒருத்திதான். ஆனால் எமக்குத் திரும்பிவர ஒரு வீடு இருந்தது.

அம்மம்மா என்ன சொல்லுவா என்று கேட்டேன். கடற்கரை, மீன் ஏலம் கூறும் சத்தம், வீட்டுக்குப் பின்னால் நின்ற பூவரசு என்று அவள் சொல்லிக்கொண்டே போனாள். எங்கே இருந்து சொல்லுவா என்று கேட்டேன். தகரக் கூரையின் கீழ், பொதுக் குழாயில் தண்ணீருக்கு வரிசையில் வாளி வைத்துவிட்டு என்றாள். இரண்டையும் எழுது என்றேன். அம்மம்மா சொல்லும் மயிலிட்டியையும், அவ சொல்லும் இடத்தையும். அவள் ஒன்றரைப் பக்கம் எழுதினாள். அதில் ஆறு இல்லை, ஆலமரம் இல்லை. அந்த வகுப்பில் நான் திருத்திய கொப்பிகளில் நிகழும் களமும் நினைவின் களமும் சேர்ந்திருந்தது அது ஒன்றில்தான். மயிலிட்டித் துறைமுகப் பகுதி 2017இல் விடுவிக்கப்பட்டது. அதற்குள் அவள் பாடசாலையை விட்டு விலகிவிட்டாள்.

முத்துலிங்கத்தின் "கடவுள் தொடங்கிய இடம்" நாவலில் முகவர்களின் கையில் நாடு நாடாக அலையும் இளைஞன் ஒருவன் வருகிறான். இது பார்க்கப் போகும் பயணமன்று. போகத் துரத்தப்பட்ட பயணம். விரும்பிப் போனவரின் கண்ணும் துரத்தப்பட்டவரின் கண்ணும் ஒரே நகரத்தை ஒரே விதமாகக் காணா. மொஸ்கோவின் பனி சுற்றுலாப் பயணிக்கு அழகு. விசா இல்லாமல் ஓர் அறைக்குள் அடைபட்டிருப்பவனுக்கு அது வெளியே போக முடியாமைக்கு இன்னுமொரு காரணம். ஒரு கதையில் பயணம் வந்தால், அது எவ்வகைப் பயணம் என்று முதலில் தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

பரீட்சையில் எழுதும் முறை

"கதைக்களத்தை ஆசிரியர் கையாண்டுள்ள விதத்தை விளக்குக" என்று வினா வந்தால், பின்வரும் விடையைப் போல அமையலாம்.

"வாடைக்காற்று நாவலின் களம் நெடுந்தீவுக் கடற்கரையாகும். வாடைக்காற்றுப் பருவத்தில் வெளியூர் மீனவர் தீவுக்கு வந்து வாடி அமைத்துத் தங்குவதும், பருவம் முடியத் திரும்புவதும் கதையின் போக்கைத் தீர்மானிக்கின்றன. தீவு மக்களுக்கும் வந்தவர்களுக்கும் இடையிலான உறவும் முரணும் இக்களத்திலேயே பிறக்கின்றன. ஆசிரியர் புவியியல் கற்றவர் என்பதும் தீவுக்கு வெளியிலிருந்து வந்தவர் என்பதும், காற்றையும் கடலையும் அவர் நுணுக்கமாகக் கவனிக்க உதவியுள்ளன."

இதில் ஊர்ப்பெயர் ஒரு வரிதான். மீதி எல்லாம் ஊர் கதைக்கு என்ன செய்கிறது என்பதைச் சொல்கிறது. ஆசிரியர் வரலாறு கடைசி வரியில் மட்டும் வருகிறது. பிறந்த ஆண்டு, பெற்ற பரிசுகள் என்று அரைப் பக்கம் நிரப்ப வேண்டாம். களம் பற்றிய வினாவுக்கு அவை விடையாகா. ஆசிரியரின் ஊரும் பயணமும் களத்தை விளக்க உதவும் இடத்தில் மட்டும் அவற்றைப் பயன்படுத்துங்கள். கதையில் இல்லாத ஒன்றை ஆசிரியரின் வாழ்க்கையிலிருந்து எடுத்துக் கதைக்குள் திணிப்பதும் பிழை.

பயிற்சி

1. நீங்கள் வாசித்த சிறுகதை ஒன்றில் நிகழும் களம், நினைவின் களம் ஆகிய இரண்டும் வருகின்றனவா? உதாரணம் காட்டி விளக்குக.

2. உங்கள் வீட்டுக் கிணற்றடியையோ ஒழுங்கையையோ, முதன்முறையாக வெளியூரிலிருந்து வந்த ஒருவர் பார்ப்பதாக 150 சொற்களில் எழுதுக. அங்கே இல்லாத எதையும் சேர்க்க வேண்டாம்.